நாய்க்கு வைத்த நேர்த்தி

உங்கள் நாயின் அடிவயிற்றைக் கடைசியாக எப்போது தடவிப் பார்த்தீர்கள்? முதுகைக் கேட்கவில்லை. முதுகை யாரும் தடவுவார்கள், தபால்காரன் கூடத் தடவுவான். அடிவயிறு, முலைக்காம்புகள் இரண்டு வரிசையாகப் போகிற இடம். இதை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள், பிறகு வந்து மிச்சத்தை வாசிக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். கப்பல் ஊதினால் அலுமாரிக்குள் இருக்கிற கோப்பைகள் கிணுகிணுக்கும், அவ்வளவு கிட்டத் துறைமுகம். அப்பாவுக்குத் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர் வேலை. அம்மாவுக்கு வீடு, விட்டால் வேதக் கோவில். நான் ஒரே பிள்ளை. இன்டர் சயன்ஸ் படித்துத் தவளை வெட்டி முடித்துவிட்டு, வெள்ளவத்தையில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்காகச் சும்மா வீட்டில் இருக்கிறேன். நாய் என்னுடையது. டிராம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு சாக்குக்குள் கிடந்து கத்தியதை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு வந்தேன். மஞ்சள் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும், சாதி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நான் பரீட்சையில் முதல் தரம் கோட்டை விட்டபோது அப்பா மாதக் கணக்காக என்னோடு கதைக்கவில்லை, அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சினாள். என் கட்டிலுக்குக் கீழே வந்து படுத்தது இது மட்டும்தான். ஆகவே "நாய்தானே" என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். சொன்னவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

முதல் கட்டியைக் குளிப்பாட்டும்போது கண்டேன். கடலைப் பருப்பளவு. இரத்தம் குடித்து வீங்கின உண்ணி என்று நினைத்து மண்ணெண்ணெய் தொட்டு வைத்தேன், உண்ணி கழலும் என்று. கழலவில்லை. விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நாய் ஒரு சத்தம் போட்டது, அதுவரை அதன் வாயில் நான் கேட்டிராத சத்தம். அப்போதுதான் அது தோலின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது என்று விளங்கியது. கொஞ்ச நாளில் அது கொட்டைப்பாக்கு அளவானது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே ஜெபமாலை மணிபோல ஒரு வரிசை. ஒரு பக்கம் படுக்க வைத்துக் கையை ஓடவிட்டால் விரலுக்குக் கீழே கல்லுக் கல்லாய் வந்தது. தடவுகிறேன் என்று நினைத்து அது வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

மிருக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரிக்‌ஷாக்காரர் ஏற்றவில்லை.

"நாய ஏத்துனா நாளைக்கு எந்த அம்மா இதுல ஒக்காரும்? நீங்களே சொல்லுங்க," என்றார்.

நடந்தே போனோம். அங்கே இருந்த மிருக வைத்தியர் மாடு, குதிரை பார்க்கிறவர். குனிந்து ஒரே தடவை தடவிவிட்டு நிமிர்ந்தார். கிழட்டு நாய், வெட்டிப் பிரயோசனம் இல்லை, விட்டுவிட்டுப் போனால் வலி தெரியாமல் முடித்துவிடலாம் என்று இங்கிலிஷில் சொன்னார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பின்னால் வரிசையில் மாடுகள் நின்றன. உதவியாள் கயிற்றை வாங்கக் கையை நீட்டி, "தியலா யன்ன நோனா," என்றான் சிங்களத்தில், வைத்துவிட்டுப் போங்கள் என்று, குடையைக் கேட்கிற மாதிரி. நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். ரோட்டில் அழுகிற பெண்ணை எல்லோரும் பார்ப்பார்கள் என்று தெரியும். பார்த்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அந்த நாயை ஒரு நாளும் தொட்டவளில்லை. அது உரசினால்கூடக் கால் கழுவுகிற ஆள். கேட்டுவிட்டு முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டாள்.

"வா. நேர்த்தி வைப்பம்."

"நாய்க்கா?"

"ஏன், அதையும் ஆண்டவர்தானே படைச்சவர்? கதைக்காமல் வா."

கோவில் வாசலில் வெள்ளித் தகட்டில் அடித்த கை, கால், கண் எல்லாம் ஒரு பலகையில் பரப்பி விற்பார்கள். எந்த இடத்தில் நோயோ வருத்தமோ அந்த உறுப்பை வாங்கிப் புனிதரின் காலடியில் வைக்க வேண்டும். விற்கிற மனுசியிடம் அம்மா நாய் கேட்டாள்.

"மாடு இருக்கு, ஆடு இருக்கு, சின்னப் பிள்ளை முழுசா இருக்கு. நாய் கேட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லம்மா."

"ஆட்டை எடுப்பமா?" என்று நான் கேட்டேன்.

"ஆட்டை வெச்சா இறைச்சிக் கடைக்காரன்ட நேர்த்தி எண்டு புனிதர் நினைச்சிடுவார். விசரி." அம்மா பலகையைக் குனிந்து பார்த்தாள். "வருத்தம் எங்க? முலையில. அப்ப முலையைத்தான் வெக்க வேணும். ஆருக்கு எண்டதை நான் வாயால சொல்லிக்கொள்ளுறன்."

அப்படியே செய்தாள். பால் சுரக்காத தாய்மார் வாங்குகிற தகடு அது, ஒரு பெண்ணின் மார்பு. அம்மா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வைத்து, முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் வாயை அசைத்தாள். அவள் சொன்னதைப் புனிதர் கேட்டிருப்பார். எங்களுக்குப் பின்னால் முழங்காலில் நின்ற அடுத்த வீட்டு மாமிக்கு அது கேட்கவில்லை. அவ தகட்டை மட்டும் பார்த்தா.

அம்மாவுக்குப் பால் சுரக்க வேண்டிய வயசு இல்லை. பக்கத்தில் அழுதழுது முகம் வீங்கிப்போய் நிற்கிறேன் நான். மாமி கூட்டிப் பார்த்து, வருத்தம் எனக்குத்தான் என்று விடை கண்டுவிட்டா.

அந்தக் கிழமையே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தி தேன் கொண்டுவந்தா, ஒருத்தி கோவில் விளக்கெண்ணெய். எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைத் தவிர வேறு ஓர் இடத்தைப் பார்த்தார்கள். "சின்ன வயசு" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். நாய்க்குத்தான் வருத்தம் என்று நான் கத்தினேன்.

மாமி அம்மாவின் தோளைத் தட்டினா. "பிள்ளைக்கு மனம் ஏற்கேல்ல அக்கா. பாவம். வெள்ளியில நாய்க்கு ஆராவது நேர்த்தி வைப்பினமா?"

பிறகு கலியாணத் தரகர் வந்தார். வெள்ளவத்தைக்காரர் கொஞ்ச நாள் பொறுப்போம் என்கிறார்களாம். ஏன் என்று அவர் சொல்லவில்லை, அவரும் அந்த இடத்தைத்தான் பார்த்தார். அவர் படி இறங்கினதும் அப்பா என்னிடம் வந்தார்.

"திங்கக்கிழமை முனிசிப்பல்காரன் நாய் பிடிக்க வருவான். குடுத்திடு. நாயும் முடிஞ்சுது, கதையும் முடிஞ்சுது."

"நாயைக் குடுத்திட்டா என்ட நெஞ்சில ஒண்டும் இல்லையெண்டு ஊருக்கு ஆர் காட்டுறது? நீங்களா?"

அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. போய்ச் சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பரை விரித்தார். வாசித்த மாதிரித் தெரியவில்லை.

நான் நாயைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். எங்கே கொண்டுபோவது? கிருலப்பனையில் ஒரு சிநேகிதி இருக்கிறாள், அவள் வீட்டில் நாயென்றால் எல்லோரும் கதிரைமேல் ஏறுவார்கள். கொண்டுபோனாலும் கட்டியும் கூடத்தான் வரும். அதில் ஒன்று வெடிக்கப்போகிறதுபோல் சிவந்து பளபளத்தது. நாயும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வந்தது. நானும் சோற்றுக் கோப்பையைத் தொடாமல் வெளியே வைத்தேன். நான் சாப்பிடாததைக் கேள்விப்பட்டு, வருத்தம் முற்றிவிட்டது என்று மாமி டொக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டா.

டொக்டர் தெரு முனையில் டிஸ்பென்சரி வைத்திருப்பவர். முந்தி பெரியாஸ்பத்திரியில் சத்திர வைத்தியம் செய்தவர். கார் எங்கள் வாசலில் நின்றபோது தெருவில் எல்லா ஜன்னலும் திறந்தன. யார் சொல்லி வந்தார் என்று அம்மாவுக்குத் தெரியாது. நாய்க்காகத்தான் புனிதர் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக் கதிரை போட்டாள். நான் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு காலமா இருக்கு?"

"மழைக்கு முந்தியே இருந்திருக்கும் டொக்டர். குளிப்பாட்டேக்கதான் தெரிஞ்சுது."

"இந்த வயசிலயும் நீங்களா குளிப்பாட்டுறனீங்கள்?"

"நானோ? நான் கிட்டவும் போகமாட்டன்."

டொக்டர் செருமினார். "சாப்பாடு எப்பிடி?"

"சோத்தை மணந்து பாத்திட்டுப் போயிடும். எலும்பெண்டா கொஞ்சம் நக்கும்."

பிறகு டொக்டர் மெதுவாகக் கேட்டார்: "தொட்டா நோகுதாமா?"

"தொட்டாக் கடிக்க வரும் டொக்டர். மகள் தொட்டா மட்டும் ஒண்டும் செய்யாது."

நான் கதவைத் திறந்து நாயைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். "வருத்தக்காரி இதுதான் டொக்டர்."

சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். இருமி முடிந்ததும் கோபம் வந்தது. என்னை மாட்டு வைத்தியன் என்று நினைத்தீர்களா என்று பையைத் தூக்கினார். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள் நான், எப்படிக் கெஞ்சுவது என்றுகூடத் தெரியவில்லை.

"வந்தனீங்கள்தானே. ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ. தொட்டுப் பாத்திட்டுப் பிறகு என்னை ஏசுங்கோ."

வெள்ளைக் காற்சட்டையோடு தரையில் முழங்காலிட்டார். நாயைப் புரட்டிக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் பார்த்தார். ஒவ்வொரு கட்டியையும் இரண்டு விரலுக்கிடையில் பிடித்து அசைத்தார். நாய் என் கையை நக்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அசையுது. இது மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கு. மனிசிக்கு எண்டா நாளைக்கே வெட்டச் சொல்லுவன்."

"அப்ப வெட்டுங்கோ."

"எங்க வெச்சு? என்ட மேசையில நாயை வெட்டினா நாளைக்கு எந்த மனிசன் அதில ஏறுவான்?"

"எங்கட குசினி மேசையில."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த மேசையில்தான் இடியப்பம் பிழிகிறவள்.

"மயக்க மருந்து ஆர் குடுக்கிறது? சண்டையால நல்ல மருந்தெல்லாம் பட்டாளத்துக்குப் போகுது, என்னட்ட கொஞ்சம் ஈதர் இருக்கு. நான் வெட்டேக்க ஒருத்தர் துளித்துளியா விட வேணும். கூடினா மூச்சு நிக்கும். குறைஞ்சா எழும்பும். மனிசருக்கே சொல்ல ஏலாது, நாய்க்கு எவ்வளவெண்டு எனக்கும் தெரியாது." என்னைப் பார்த்தார். "நீ சயன்ஸ் படிச்சனிதானே? தவளை வெட்டேக்க மயக்கினது ஆர்?"

"நான்தான்."

"பிழைச்சுதா?"

"பிழைக்கத் தேவையில்லையே டொக்டர். வெட்டத்தானே மயக்கினனாங்கள்."

வெட்டாவிட்டால் என்ன ஆகுமென்று கேட்டேன். பெரியது வெடிக்கும், புண்ணாகும், நாறும், பிறகு நுரையீரலுக்குள் போகும் என்றார். வெட்டினால் திரும்ப வராதா என்று கேட்டேன். அவர் எழும்பி முழங்காலைத் தட்டினார். பூசை முடிந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சனி பின்னேரத்திலிருந்து ஒன்றும் தின்னக் கொடுக்காதே என்று மட்டும் சொன்னார்.

அப்பா கேள்விப்பட்டுத் தலையில் கைவைத்தார். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், சத்திர வைத்தியர் பையோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் நாய்க்கென்று எவன் நம்புவான்? வெள்ளவத்தைச் சம்பந்தம் அதோடு சரி. நான் சரி என்றேன். "உனக்கு மண்டைக்குள்ள ஏதும் இருக்கா?" என்று கேட்டார். நாய் பிழைத்தால் டொக்டரிடம் அதையும் வெட்டிப் பார்க்கச் சொல்வோம் என்றேன். திங்கட்கிழமைக்கு முந்தி ஞாயிறு வருகிறதென்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி.

சனிக்கிழமை முழுக்க ஈதர் விடப் பழகினேன். பஞ்சைத் துணியில் மடித்துத் தேநீர் வடிக்குள் வைத்து மூக்குமூடிபோலச் செய்தேன். என் முழங்காலை நாயின் மூக்கென்று வைத்துக்கொண்டு போத்தலிலிருந்து தண்ணீரைத் துளித்துளியாக விட்டேன். துளி விழவேண்டிய இடத்தில் தாரை விழுந்தது. துடைத்துவிட்டுத் திரும்ப விட்டேன், திரும்பவும் தாரை. நாய் பக்கத்தில் இருந்து, வெறும் கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. பட்டினி போட்டது நான்தான் என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் பக்கத்தில்தான் இருந்திருக்கும். அதுதான் தாங்க முடியவில்லை.

இன்றைக்கு விடிந்ததும் அம்மா மேசையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றினாள். பழைய விரிப்பை அவித்துக் காயவைத்தாள். நாயைத் தூக்கி மேசையில் வைக்க எனக்குப் பெலன் போதவில்லை, மற்றப் பக்கத்தை அம்மா பிடித்தாள், வெறுங்கையால். அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு கேற்றடியில் நிற்கிறார். போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் "நாய்க்குத்தான், நாய்க்குத்தான்" என்று அவர் சொல்வது இங்கே கேட்கிறது. "ஓம், ஓம், நாய்க்குத்தான்," என்று மாமி அழுகிற குரலில் சொல்வதும் கேட்கிறது.

நாய் மேசையில் படுத்திருக்கிறது. வயிறு ஏறி இறங்குகிறது. அது நின்றால் முதலில் எனக்குத்தான் தெரியவரும். டொக்டர் வந்துவிட்டார், கை கழுவுகிறார்.