விட்டுப்போன ஒரு ‘ஆட்’

2011-ல சிதம்பரத்துல ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில நெட்வொர்க் வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். கடலூர்ல ஒரு காலேஜோட நெட்வொர்க் முழுக்க என் பொறுப்பு. அங்க ஒரே ஒரு பெரிய சர்வர். அதுக்குள்ளயே பத்துப் பன்னெண்டு கம்ப்யூட்டர் தனித்தனியா இருக்குற மாதிரி ஓடும். ஆபீசுக்குச் சிலது, பரீட்சைக்குச் சிலதுன்னு குழு குழுவா பிரிச்சிருப்போம். எந்தக் குழு எந்த ரூமுக்குப் போகணும்னு பிரிச்சு விடறது ‘சுவிட்ச்’னு ஒரு பொட்டி. லைட் சுவிட்ச் இல்லீங்க, உடம்பெல்லாம் ஒயர் சொருகுன பொட்டி.

அதுமேல ‘யாரும் தொடக்கூடாது’ன்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருந்தேன். முக்கியமா லேப் அட்டெண்டருக்காக. பக்கத்துல குடிகாடு கிராமத்துலேர்ந்து வர்ற அம்மா, என் வயசுதான் இருக்கும். தூசி துடைக்கப் பக்கத்துல வந்தாலே எரிஞ்சு விழுவேன். அப்போ எனக்கு வாய் ஜாஸ்தி.

அன்னிக்குப் பத்து மணிக்கு ஒரு கம்பெனி டெஸ்ட் வைக்க வந்திருந்தாங்க. அந்த வருஷம் ஆள் எடுக்க வந்ததே அவுங்க மட்டும்தான். அரை மணிக்கு மேல லேட்டானா கிளம்பிடுவோம்னு சொல்லியிருந்தாங்க. கடைசி வருஷப் பசங்கல்லாம் லேப்ல உட்கார்ந்தாச்சு.

நான் சிதம்பரத்துலேர்ந்தே, லைப்ரரிக்குப் புதுசா ஒரு குழு சேக்கறது ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு கமாண்டைத் தட்டினேன். இருக்குறதோட இதையும் சேத்துக்கோன்னு சொல்ல ‘ஆட்’னு ஒரு வார்த்தை போடணும். அதை விட்டுட்டேன். இது ஒண்ணு மட்டும் போதும்னு சுவிட்ச் மத்த எல்லாத்தையும் வெளிய தள்ளிடுச்சு. பரீட்சைக் குழுவும் போச்சு, நான் உள்ள போற வழியும் போச்சு.

ஐயோ! பஸ்ஸைப் புடிச்சாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். லேப்புக்கு போன் அடிச்சா எடுத்தது அந்த அட்டெண்டர்தான். தப்பு பண்ணிட்டேம்மா, எல்லாம் போச்சுன்னு உளறினேன்.

அவுங்க பதறல. “சேவ் பண்ணிட்டீங்களா சார்?”

“இல்ல, அதுக்குள்ளதான் கட் ஆயிடுச்சே.”

“அப்புறம் ஏன் சார் பயப்படறீங்க? ஃபைலைக் கெடுத்துட்டு நிக்கிற பசங்ககிட்ட, சேவ் பண்ணாம மூடு, பழசு அப்படியே இருக்கும்னு தினம் சொல்றேன். உங்க பொட்டிக்கு அப்படிக் கிடையாதா?”

நெத்தியில அடிச்சுக்கிட்டேன். அதேதான்! ஆஃப் பண்ணிப் போட்டா பழைய செட்டிங்கோட எழுந்து வரும். எனக்குத் தெரிஞ்சதுதான், பயத்துல மூளை ஓடல. பிளக்கைப் புடுங்கச் சொன்னேன்.

“தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கே சார்?” குரல்ல சிரிப்பு.

“தாயே, புடுங்கும்மா!”

புடுங்கித் திரும்பச் சொருகினாங்க. எந்த விளக்கு பச்சையாச்சுன்னு போன்லயே சொல்லிக்கிட்டிருந்தாங்க. அஞ்சு நிமிஷத்துல, வந்துடுச்சு வந்துடுச்சுன்னு பசங்க கத்துறது கேட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பத்தேகாலுக்கு டெஸ்ட் ஆரம்பிச்சு, அந்தப் பசங்கள்ல பதினோரு பேருக்கு வேலையும் கிடைச்சுது.

அடுத்த வாரம் நேர்ல போய் அவுங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். அந்தத் ‘தொடக்கூடாது’ பேப்பரைக் கிழிச்சுட்டு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்கிற லிஸ்ட்ல அவுங்க பேரை முதல்ல எழுதி ஒட்டினேன். பாத்துட்டு, “இதையாவது சேவ் பண்ணீங்களா சார்?”னு கேட்டாங்க.

கமாண்டுல ‘ஆட்’டை விட்டது அந்த ஒரு தடவைதான், ஆனா கூட இருக்குற மனுஷங்களைச் சேத்துக்காம எத்தனை தடவை விட்டிருப்பேனோன்னு நினைச்சு, இன்னிக்கும் எண்டர் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு நொடி கை நின்னுடுது.