நாலு குடித்தனமும் ஒரு பொலிஸ் படிவமும்

பேச்சியம்மாக்காவைப் பற்றிச் சொல்வதானால் என் பிழையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் ஷரீப், கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் அவர் வாங்கிய பழைய வீட்டை நாலு குடித்தனமாகப் பிரித்துக் கட்டியவன்.

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்தவர் அக்கா. முப்பது வருஷம் அடுத்தவர் குசினியில் அடுப்போடு நின்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கணவர் தங்கையா இறந்ததும் வந்த சேமலாப நிதிப் பணத்தோடு, தாலிக்கொடியையும் விற்று, தொண்ணூற்றெட்டில் அந்த வீட்டை வாங்கினார். வீடா அது! கூரை ஒழுகியது, மரமெல்லாம் கறையான், ஒரே கக்கூஸ்.

"இடிச்சிட்டுப் புதுசாக் கட்டுறது லேசு அக்கா" என்றேன்.

"வாய மூடிக்கிட்டு வேலயப் பாருங்க பாஸ்!"

பார்த்தேன். நடுவில் சுவர் எழுப்பி, நாலு வாசல், நாலு குசினி வைத்தேன். ஒவ்வொரு மாலையும் வந்து, சுவரில் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் நேர் பார்ப்பார். எரிச்சலாக வரும். ஆனால் அந்த மனிசியின் சந்தோஷம் எனக்கும் பிடித்திருந்தது.

பூச்சு காயுமுன்னே ஆட்கள் வந்துவிட்டார்கள். கடைசியாக வந்தவள் நேசமலர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கனடாவில் இருக்கும் புருஷனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தாள்.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில், கொழும்பு வீடுகளில் தங்கும் ஒவ்வொரு தமிழரையும் பொலிஸில் பதிய வேண்டும். படிவம் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் எழுத வரும் என்பதால் நான்தான் நிரப்பினேன். வீட்டுக்காரருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம்.

"வாடகைக்குன்னு போட்டா, வடக்கு ஆளுக்கு ஏன் எடம் குடுத்தேன்னு கேள்வி கேட்டுக் கொடைவானுங்க. எல்லாரையும் சொந்தம்னு போட்டுருங்க. நேசமலரு எங்க அக்கா மக."

"சர்ச்சுக்குப் போற யாழ்ப்பாணத்து வேதக்காரப் புள்ள ஒங்கட அக்காட மகளா? ஆரு நம்புவான்?"

"அவனுங்களுக்கு எல்லாத் தமிழனும் ஒன்னுதான் பாஸ்."

சிரித்துக்கொண்டே எழுதினேன். இந்தக் கையை வெட்டிப் போட வேண்டும். மற்றக் குடித்தனக்காரருக்கு அக்கா சொல்லி வைத்தார். நேசமலர் தூதரகம், டொக்டர், போட்டோ என்று ஓடிக்கொண்டிருந்ததில் அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

அவளுடைய விசா நேர்முகத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில், விடியற்காலை பொலிஸ் சுற்றிவளைப்பு. இன்ஸ்பெக்டர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சியம்மா உனக்கு யார் என்று கேட்டார்.

"வீட்டுக்காரம்மா. நான் வாடகைக்கு இருக்கிறன்" என்றாள் பிள்ளை.

அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்கா என்னிடம் ஓடி வந்தார். "வாங்க பாஸ், பொய்யி நான் சொன்னதுன்னு போய்ச் சொல்லிருவோம்."

"பொய் எழுதினத்துக்கு ஒங்களையும் உள்ளுக்குப் போடுவானுகள். ஊட்டுக்கும் சீல் வெப்பானுகள். யோசிச்சுப் பாருங்க."

"வச்சா வைக்கட்டும். அந்தப் புள்ள போற எடத்துக்குப் போகணும்."

பொலிஸில் அக்கா சொன்னதை நான் சிங்களத்தில் மாற்றிச் சொன்னேன்: நேசமலர் சொந்தமில்லை, வாடகைக்காரி, நாங்கள்தான் பொய் எழுதினோம். இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் போட்டார். அரை மணிக்கு முன் நேசமலர் கொடுத்த வாக்குமூலம். பேச்சியம்மா என் சித்திதான், பயத்தில் மாறிச் சொல்லிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"நீ உறவு என்றபோது அவள் இல்லை என்றாள். அவள் உறவு என்கிறபோது நீ இல்லை என்கிறாய். என்ன மறைக்கிறீர்கள்?" என்று மேசையில் அடித்தார்.

அன்றைக்கு எங்களைத் திட்டி அனுப்பினார்கள். வீட்டுக்குச் சீல் வைக்கவில்லை. நேசமலரைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். நேர்முகத் தேதி போயிற்று.

ஏழு மாதம் கழித்துத்தான் அவளை விட்டார்கள். பாதியாகி வந்தவளை அக்கா கட்டிப்பிடித்து அழுதார்.

"ஏன் புள்ள என்னயச் சித்தின்னு சொன்ன? மொதல்ல சொன்னதயே சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பானுங்களே!"

"அந்தப் படிவத்த மேசையில வச்சு, சொந்தமெண்டு எழுதிக் கிடக்கெண்டு பொலிஸ்காரன் சொன்னவன் அக்கா. நான் உண்மையச் சொன்னா உங்கட வீட்டப் பறிச்சுப் போடுவாங்கள் எண்டு நினைச்சனான்."

அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. வெளியே வந்து, நான் கட்டிய சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.