கரும்புக் கொல்லையின் சிவப்புத் துணி

நியூசிலாந்தில் நான் வேலை பார்க்கும் பால்பண்ணையில் முதலாளி கிரெய்க் தினமும் செய்யும் ஒரு காரியம் இரண்டு வருடமாகியும் எனக்குப் பழகவில்லை. ஒரு புல்லைக் கிள்ளி, கரண்ட் ஓடும் வேலி வயரின் மேல் வைப்பார். விரல் சுண்டினால் வேலி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு புல்லை என்னிடம் நீட்டுவார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். "ஜஸ்ட் எ டிக்கிள், மேட்", சும்மா கூசும் அவ்வளவுதான் என்று சிரிப்பார். ஒருநாள், "மை பிளேஸ், பீப்பிள் டை" என்றேன். முகம் மாறி என் தோளைத் தட்டி, "சாரி ஃபார் யுவர் லாஸ்" என்றார். நான் யாரையோ பறிகொடுத்ததாக நினைத்துவிட்டார். கொல்லப் பார்த்தவனே நான்தான் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. தைரியமும்தான்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். அங்கே வயர் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. சந்தைக்குப் போவது வயர் கூடை, துணி காய்வது வயரில், உடைந்த படலைக் கட்டுவதும் வயரால். பன்றியிடமிருந்து கரும்பைக் காப்பாற்றவும் வயர்தான். போஸ்ட் லைனில் கொக்கி மாட்டி நேராகக் கரண்டை இறக்கிவிடுவோம். கிரெய்க்கின் வேலி விட்டுவிட்டு அடிக்கும். எங்களுடையது பிடித்தால் விடாது. தப்பென்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்தோம். கரண்ட் ஓடுகிறது என்று காட்ட வரப்பு மூலையில் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். விடிந்ததும் காய்ந்த மூங்கிலால் கொக்கியை எடுத்துவிட்டுத் துணியையும் அவிழ்க்க வேண்டும். கொக்கியை எடுப்பேன். துணியை யார் தினமும் கட்டி அவிழ்ப்பது என்று விட்டுவிடுவேன்.

ஒருநாள் அசந்து தூங்கிவிட்டேன். வெயில் ஏறிய பிறகு ஓடினால், பக்கத்துத் தெரு கன்னியம்மா அக்கா புல்லறுக்க வந்து வரப்பில் நிற்கிறார். அவருடைய ஆடு வயர்மேல் விழுந்து கிடக்கிறது. அதை இழுக்கக் குனிந்தார். "தொடாதக்கா" என்று கத்தினேன். நல்லவேளை, நிமிர்ந்து பார்த்தார். கொக்கியைத் தள்ளிவிட்டு வந்து, "துணி கட்டியிருக்குதே, பாக்கலியாக்கா?" என்று அவரிடமே கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"அது எப்பவும்தான் தொங்கிக்கினு கெடக்குது. இன்னாத்த பாக்கறது தம்பி?" என்றார்.

இப்போது அந்தக் கரும்பு அண்ணன் கையில். கொக்கி போடச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். இங்கே மத்தியானம் என்றால் அங்கே விடிகிற நேரம். தினமும் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு போன் போடுவேன். அவன் எடுக்கும்வரை ஒரு வாய் இறங்காது. நேற்று பல தடவை அடித்த பிறகு அண்ணிதான் எடுத்தார்.

"அவரு போனை வூட்டுலயே வெச்சிட்டுக் கயனிக்குப் போனாருங்க தம்பி. இன்னும் காணோம். இருங்க, நானே போய்ப் பாக்கறேன்."

வயர் பக்கம் போகாதீர்கள் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார். சோற்றை அப்படியே விட்டுவிட்டு அரை மணி நேரம் பண்ணை வேலியோரம் முன்னும் பின்னும் நடந்தேன். பிறகு வீடியோவில் அண்ணன் முகம் வந்தது.

"கழட்டிட்டேன்டா. தெனமும் இன்னாத்துக்கு உசுர வாங்கற?" என்று போனைத் திருப்பிக் காட்டினான். வயர் சுருண்டு கிடந்தது. மூலையில் துணி அசைந்தது.

"துணிய அவுக்கலியா?"

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும். சாயங்காலம் மறுபடி கட்டணுமே."

அந்தத் துணிக்குக் கீழேயே யாரோ ஒரு பெண் குனிந்து புல்லறுத்துக்கொண்டிருந்தார். கிரெய்க் வேலியோரம் நின்று எனக்குப் புல்லை நீட்டினார். இந்த வயர் கொல்லாது என்று எனக்குத் தெரியும். ஒரு கையில் போன் இருந்தது. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.