அரக்கோணத்தில் கிடைத்த ஆறு மூலைப் பெட்டி

எதையும் கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் திருதிருவென்று விழித்தவள் நான். அப்படிப்பட்டவள் கண்ணில் அந்தப் பெட்டி பட்டால் சும்மா விடுவேனா?

பட்டது திருத்தணி ரயிலடியில். யுத்தம் முடிந்த சமயம். வேலூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் வந்து இறங்கியிருந்தோம். அத்தை மகன் என்பதால் சின்ன வயசிலிருந்தே அவர் எனக்குப் பாவா. தாலி கட்டிய பிறகும் அப்படிக் கூப்பிடுவது மாறவில்லை. பாவாவுக்கு நெஞ்சில் இரைப்பு. இனிமேல் புல்லாங்குழலைத் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பகலெல்லாம் கழனியில் கிடந்தாலும், கிருத்திகை தவறாமல் மலைமேல் பஜனையில் குழல் வாசிக்கிற மனுஷன்.

நாங்கள் வந்த வண்டி கிராசிங்குக்காக நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் டிரைவர் ஆங்கிலோ இந்தியர். சட்டைக்காரர் என்போம் எங்கள் பக்கம். அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஆறு மூலைப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் இழுத்தும் அழுத்தியும் வாசித்துக்கொண்டிருந்தார். குரல் ஆர்மோனியக் குரல். பெட்டி மட்டும் மடியில் அடங்குகிற அளவு. நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி. இதற்கு வாய் வைத்து ஊத வேண்டாம், மூச்சைப் பெட்டியே பார்த்துக்கொள்கிறது என்று எனக்கு உடனே பிடிபட்டது.

நேரே போய், "இது இன்னாங்க?" என்று கேட்டேன். பாவா தலையில் அடித்துக்கொண்டார்.

"கன்செர்டினாம்மா," என்றார் டிரைவர்.

"எங்க கெடைக்கும்?"

"புதுசுக்கு எங்க போறது? யுத்தத்துல கப்பலே வரலியே. பழசுதான் தேடணும். பழசுதான் நல்லாவும் இருக்கும். தோல் துருத்தியாப் பாத்து வாங்கு. காயிதத் துருத்தின்னா கையால தொடாத."

குழல் பரண்மேல் ஏறியது. கிருத்திகை வந்தால் பாவா கழனியிலேயே தங்கிவிடுவார். மலையில் ஜாலரா கேட்கத் தொடங்கினால் முகம் சுண்டிப்போகும். கேட்டால் "ஒண்ணுமில்லமே" என்பார். நோயைவிட இந்த ஒண்ணுமில்லைதான் அவரைத் தின்றுவிடும் என்று நான் பயந்தேன். என்ன பாடுபட்டாவது அவர் கையில் அந்த மாதிரிப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வேர்க்கடலை விற்ற கையோடு பட்டணம் போனோம். என்னைத் தனியே அனுப்பக் கூடாதே என்றுதான் பாவா கூட வந்தார். பழைய சாமான் கடை ஒன்றில் பளபளவென்று ஒரு பெட்டி இருந்தது. சட்டி பானை வாங்குகிற பெண்பிள்ளைக்குச் சோதிக்கவா தெரியாது? முகர்ந்தேன், பசை நாற்றம். விரலால் தட்டினேன். கொல்லன் துருத்தி ஓட்டையானால் காற்று நிற்காதே என்ற ஞாபகம் வந்தது. கை நுழைக்கிற ஒரு பக்கத்து வாரைப் பிடித்துத் தூக்கினேன். எந்தப் பித்தானையும் அழுத்தவில்லை. துருத்தி விரிந்து மறுபாதி தொப்பென்று கீழே தொங்கிவிட்டது. காகிதத் துருத்தி.

"இதுக்கும் நெஞ்சு சரியில்ல போல," என்றார் பாவா. பல மாசம் கழித்து அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அந்த டிரைவரை நான் விடவில்லை. காய்கறிக் கூடை ஏற்றப் போகிறபோது அவர் வண்டி வந்திருந்தால் எஞ்சின் பக்கம் போய் நின்றுவிடுவேன். என்னைப் பார்த்ததுமே கையை விரிப்பார். வெள்ளைக்காரன் போன மறு வருஷம் ஒருநாள் கை விரியவில்லை. அரக்கோணம் ரயில்வே காலனியில் ஒரு வயசான அம்மா சீமைக்குப் போகிறார், வீட்டுச் சாமானையெல்லாம் விற்கிறார், அதில் ஒரு கன்செர்டினாவும் இருக்கிறது என்றார்.

மறுநாளே போனோம். வாசல் படி ஏறியதில் பாவாவுக்கு மூச்சு வாங்கியது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் உள்ளே போனேன். அந்தம்மா மரப்பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். கற்பூர வாசனை. எலும்பில் கடைந்த பித்தான்கள். வாரைப் பிடித்துத் தூக்கினேன். தோல் துருத்தி, இறங்க மனசே இல்லாமல் மெல்ல மெல்ல இறங்கியது. இதுதான், இதேதான் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

பிறகு ஒரு பித்தானை அழுத்தி வாசித்துப் பார்த்தேன். துருத்தியை அழுத்தினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம். அடுத்த பித்தானும் அப்படியே. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம்தானே! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"பழுதானத நம்ம தலையில கட்டப் பாக்கறாங்க பாவா. வாங்க போலாம்."

அந்தம்மாவுக்கு முகம் சிவந்தது. "எங்க டாடி சாகற வரைக்கும் வாசிச்சது. அதுக்கு ஒரு பழுதும் கெடையாது."

"இப்படிக் குடு," என்று பாவா உள்ளே வந்தார். வாங்கினார். ஒரே பித்தானை அழுத்தினபடி துருத்தியை உள்ளே தள்ளினார், வெளியே இழுத்தார். மறுபடி தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கெட்டுப் போவலமே. செஞ்சதே இப்படித்தான். என் நெஞ்ச நீ கேட்டதில்லயா? மூச்ச இழுக்கறப்போ ஒரு சத்தம், உடறப்போ ஒரு சத்தம்."

கேட்டிருக்கிறேன். பக்கத்தில் படுத்து அந்த இரண்டு சத்தத்தையும் கேட்டுக்கொண்டே எத்தனையோ நாள் கிடந்திருக்கிறேன். இரண்டாவது கொஞ்சம் தாமதித்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும். அது அவருக்கும் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை.

பாவா பித்தான் பித்தானாகத் தேடினார். ச தள்ளினால், ரி இழுத்தால். க தள்ளினால், ம இழுத்தால். கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க முகம் வெளிச்சமாகிக்கொண்டே வந்தது. சாமான் கட்டிக்கொண்டிருந்த அந்தம்மா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

வாங்கி வந்து கொஞ்ச நாள் பழகிய பிறகு ஒரு கிருத்திகையன்று பாவா மலையேறினார். மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து உட்கார்ந்துதான். பெட்டியை நான் சுமந்தேன். பஜனையில் அவர் வாசித்தபோது, தனக்கு மூச்சு வேண்டிய இடத்திலெல்லாம் பெட்டிக்கும் மூச்சுக் கொடுத்தார். பக்கத்திலிருந்த எனக்கு இரண்டு மூச்சும் கேட்டது. அன்றைக்குப் பயமாக இல்லை.

அந்தப் பெட்டிக்கு மூலைக்கொன்றாக ஆறு திருகாணி. என் வீட்டில் நான் கழற்றிப் பார்க்காத சாமான் அது ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையில்லாமல் இல்லை. திரும்பப் பூட்டத் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வேன்?