டாங்கிள் அனுப்பிய முதல் படம்

காட்டுமாடுகள் எங்கள் பூண்டுப் பாத்திகளை மிதித்து அழித்த பிறகு, மோட்டார் ரூமிலிருந்து வேலிக்கம்பிக்குக் கரண்ட் கொடுக்கப்போவதாக அண்ணன் சொன்னான். வெள்ளனே களையெடுக்க வரும் பெண்கள் யாராவது தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். கேமரா பொருத்திய உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரை வேலிக்கம்பத்தில் கட்டினேன். தோட்டத்தில் ஏதாவது அசைந்தால் அண்ணியின் போனுக்குப் படம் போகவேண்டும். ஆனால் நெட்டுக்காக சிம் போட்ட டாங்கிளைச் செருகினால், கம்ப்யூட்டர் அதைப் பென் டிரைவ் என்றே காட்டியது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அப்போதும் டாங்கிளின் விளக்கு, நெட் கிடைக்கவில்லை என்று, சிவப்பாகவே மின்னியது.

"ஏலே, உன் பொம்மை முழிக்கிறதுக்குள்ள மாடு மேஞ்சிட்டே போயிரும்," என்று அண்ணன் கரண்ட் ஒயரை எடுத்தான்.

பாய்ந்து பிடுங்கினேன். அவன் அறைந்ததில் உதடு கிழிந்தது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தான். நான் எழுவதற்குள் மம்பட்டியை ஓங்கிவிட்டான்.

"என்னைய வேணா வெட்டுங்கண்ணே, ஒயர விட்ருங்க!"

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்தான். அட்டுவம்பட்டியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்த அண்ணி கத்தியது எனக்கே கேட்டது.

"யோவ், மம்பட்டியக் கீழ போடுய்யா! தம்பி வாயெல்லாம் ரத்தமா கெடக்கு!"

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு கம்பத்தைப் பார்த்தான். டாங்கிளில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"படம் போகுதேலே," என்றான் மூச்சு வாங்க.

மம்பட்டியைப் போட்டுவிட்டு ஒயரைச் சுருட்டத் தொடங்கினான். சுருட்டி முடிக்கும்வரை நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.