குதிரைவாள் கழுவிய தண்ணீர்

என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரிப் படியிறங்கி நடந்துவிட்ட அந்தக் காலையை நான் இன்னும் மறக்கவில்லை.

உள்ளே டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, வயிற்றில் அசைவு குறைகிறது, இன்றைக்கே சேர்த்துவிடுங்கள், ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், நாளைக்கு என்றால் நான் பொறுப்பில்லை என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள், வெளியே வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். வீங்கிப்போன காலோடு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போய்விட்டாள்.

"அம்மிணி, எங்க போற?"

"ஊட்டுக்கு."

"டாக்டரம்மா சொன்னது காதுல உளுந்துச்சா இல்லியா?"

"உளுந்துச்சு. முன்ன ரெண்டையும் சும்மாவே பெத்தேன், ரெண்டும் மண்ணுக்குப் போச்சு. இதுக்குக் கத்தி வெக்கோணுங்கறாங்க, வெக்கட்டும். மொதல்ல நம்ம கோயல் வாள் கழுவுன தண்ணி வரட்டும். அது வாயில படாம நான் அந்தப் படி ஏற மாட்டேனுங்க மாமா. கையெழுத்தும் போட மாட்டேன்."

அவள் பிடிவாதக்காரி இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நாளெல்லாம் நின்று, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வேலை பார்த்தவள். நான் அதே கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டினேன். பயம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் கத்துவார்கள். இவள் கல்லாகிவிட்டாள். அந்தக் கல்லை நகர்த்த என்னிடம் ஒரே வழிதான் இருந்தது.

அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். குன்னத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் குலதெய்வக் கோயில். அம்மன் காலடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஒரு வளைந்த வாள். குதிரைவாள் என்போம். மைசூர்க் குதிரைப்படை எங்கள் சீமைக்குள் புகுந்த காலத்தில் கிடைத்தது என்பார்கள். எங்கள் பங்காளிக் கூட்டத்தில் யார் வீட்டுப் பெண் நிறைமாதமாக இருந்தாலும், புருஷன்காரன் போய்க் கிணற்றுத் தண்ணீரில் தலை முழுகி, ஈர வேட்டியோடு பெட்டிக்கு முன்னால் நின்று அந்த வாளின் கதையைச் சத்தமாகச் சொல்லவேண்டும். காணிக்கை ஒன்றும் கிடையாது. கதை சொல்வதுதான் காணிக்கை. சொன்ன பிறகு பூசாரி வாளை எடுத்துக் கழுவி, அந்தத் தண்ணீரைச் சொம்பில் கொடுப்பார். பிள்ளைத்தாய்ச்சி அதைக் குடித்தால் தாயும் பிள்ளையும் வேறுவேறாகப் பிரிந்து பிழைப்பார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. நானும் அப்படிப் பிறந்தவன்தான்.

ஆனால் கதை ஒன்றாக இல்லை. பாதி வரைக்கும் ஒன்று. படை வருகிறது என்று ஊரே வேலிக்காட்டுக்குள் ஓடி ஒளிந்தது. ஒரு நிறைமாதக்காரியால் மட்டும் ஓட முடியவில்லை. கிணற்று மேட்டிலேயே நின்றுவிட்டாள். குதிரைக்குத் தண்ணீர் காட்ட ஒருவன் வந்தான். இதற்குப் பிறகுதான் தகராறு. கிணற்றுப் படியில் பதுங்கியிருந்த அவள் புருஷன் பாய்ந்து, குதிரைக்காரனை இழுத்துத் தள்ளி, அவன் வாளாலேயே அவனை வெட்டினான் என்பது மேல்தெருப் பங்காளிகளான மேலவளவுக்காரர்கள் சொல்வது. வெட்டும் இல்லை குத்தும் இல்லை, அவளுக்கு வலி கண்டதைப் பார்த்து அந்தக் குதிரைக்காரன் முதுகைக் காட்டித் திரும்பி நின்று காவல் காத்தான், தொப்புள்கொடி அறுக்கத் தன் வாளைக் கொடுத்தான், அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனான் என்பது கீழவளவுக்காரர்கள் சொல்வது. ஒருமுறை வெளியூரிலிருந்து படித்தவர் ஒருவர் வந்து அளந்து பார்த்து, இது மைசூர் வாளாகவே தெரியவில்லை என்றாராம். இரண்டு வளவும் ஒன்று சேர்ந்து நின்றது அவரைப் பஸ் ஏற்றி அனுப்புவதில் மட்டும்தான்.

அவரவர் அவரவர் கதையைச் சொல்லித் தண்ணீர் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கும்பாபிஷேக அழைப்பிதழில் மேலவளவுக் கதையை மட்டும் அச்சடித்தபோது சண்டை வந்தது. கை கலப்பாகி, போலீஸ் வரைக்கும் போய், கடைசியில் பெட்டிக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஒருத்தர் சாவி இல்லாமல் இன்னொருத்தர் திறக்க முடியாது. அதன் பிறகு மற்ற பெண்களெல்லாம் ஆஸ்பத்திரியில் சுகமாகத்தான் பெற்றார்கள். எங்களுக்குத்தான் இரண்டு போனது. அவள் அதையும் இதையும் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். நானும்தான் போட்டுக்கொண்டேன், வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவளை வீட்டில் விட்டு, பக்கத்து வீட்டு அக்காவைக் காவல் வைத்துவிட்டு, கம்பெனியில் துணி மடிக்கும் ஃபோல்டிங் செக்ஷன்காரரின் டிவிஎஸ் வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வரவேண்டும்.

மேலவளவுச் சாவி, எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவரிடம் இருந்தது. காதர்பேட்டையில் அவருக்குப் பனியன் மொத்தக் கடை. நான் போனபோது வடக்கத்தி வியாபாரி ஒருவரோடு இந்தியில் பேரம் நடந்துகொண்டிருந்தது. துணியை இழுத்து இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். டீ வந்தது. பேரத்துக்கு நடுவில் பேச முடியாமல் மடக்கு மடக்காகக் குடித்தேன். அந்த வியாபாரி ஒவ்வொரு கலராக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, என் பிள்ளையின் மூச்சை யாரோ நிதானமாக விரித்து மடிப்பதுபோல எனக்கு இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். பெரியப்பா முகம் மாறியது.

"ஏன் கண்ணு, இத மொதல்லயே சொல்றதில்லையா? டீ குடிச்சுப்போட்டு ஒக்காந்திருக்கற. சாவி இதா இருக்குது. நானே கார்ல வந்தர்றேன். ஆனா ஒன்னு."

"சொல்லுங்க பெரியப்பா."

"கதையை ஒழுங்காச் சொல்லோணும். நம்ம பாட்டன் வெட்டுனான். எதிரி தூக்கிக் குடுத்த பிச்சை இல்ல அது. அந்தக் கீழவளவான் பேச்சை அம்மன் முன்னால எடுத்தீன்னா நான் பூட்டத் தொறக்க மாட்டேன்."

"சரிங்க பெரியப்பா" என்றேன்.

கீழவளவுச் சாவிக்காரர் எனக்குச் சித்தப்பா முறை. தோட்டத்தில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை வேலியில் சாய்த்துவிட்டு வரப்பில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தே கையிலிருந்த அருவாளைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன சாமி, ஊட்டுல ஏதாச்சும்...?"

சொன்னேன். இடுப்பு அரைஞாண் கயிற்றிலேயே சாவி தொங்கியது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்தப் பெரிய மனுசன் வர்றாரா?"

"வர்றாருங்க."

"வந்தாச் செரி. ஆனா வெட்டுனான் குத்துனான்னு சொல்றதா இருந்தா என்னைக் கூப்படாத. ரத்தம் பட்ட வாளைக் கழுவி யாராச்சும் பிள்ளைத்தாய்ச்சிக்குக் குடுப்பாங்களா? நீயே சொல்லு. புத்தி வேண்டாமா? அது கொடி அறுத்த வாளு. அதனாலதான் தண்ணிக்கு அந்த சக்தி."

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. காலையில் பெரியப்பா சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு ஒரு நாள் இது, ஒரு நாள் அது. அப்போது எனக்கு எந்தக் கதையும் வேண்டாம், அவர் வண்டியில் ஏறினால் போதும். "சரிங்க சித்தப்பா" என்றேன். பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

கோயிலுக்குப் போகும் வழியில்தான் என் நிலைமை எனக்கு உறைத்தது. இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு கதையைச் சொன்னால் ஒரு பூட்டுத் திறக்காது. அதைவிட, சொல்லப்போவது அம்மன் முகத்துக்கு நேராக. எது பொய் என்று தெரியாமலே பொய் சொல்லப்போகிறேன். தெய்வத்திடம் பொய் சொல்லி உயிர் வாங்க முடியுமா? தாயே, என் நாக்கை நீயே பிடித்துக்கொள் என்று முனகிக்கொண்டே வண்டியை ஓட்டினேன். சித்தப்பா பின்னாலிருந்து, "என்ன சாமி?" என்றார். "ஒன்னுமில்லீங்க" என்றேன்.

பெரியப்பாவின் கார் முன்பே வந்து நின்றிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

"வாங்க. சௌக்கியமுங்களா?"

"ஏதோ இருக்கறமுங்க. நீங்க?"

எங்கள் பக்கத்தில் வெட்டிக்கொண்டு சாகும் பகையிலும் மரியாதை குறையாது. கும்பிட்ட கையை இறக்கியதும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள்.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பெட்டி முன்னால் போய் நின்றேன். வயதான பூசாரி கற்பூரத்தட்டோடு ஓரமாக நின்றார். ஈர வேட்டியை இறுக்கிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.

"குதிரைப்படை வந்துச்சுங்க. ஊரே வேலிக்காட்டுக்குள்ள ஓடிருச்சு. கெணத்து மேட்டுல ஒருத்தி நெறமாசமா நின்னாங்க. அவங்களால ஓட முடியல. குதிரைக்காரன் வந்துட்டான். கையில வாள் வெச்சிருந்தான்."

கதை அங்கே நின்றுவிட்டது. வலப்பக்கம் பெரியப்பா, இடப்பக்கம் சித்தப்பா, இருவர் மூச்சும் எனக்குக் கேட்டது. நான் அம்மனை நிமிர்ந்து பார்த்தேன். கிணற்று மேட்டில் நிற்பவளுக்கு என் வீட்டுக்காரியின் முகம் வந்துவிட்டது. வீங்கிய காலும் வந்துவிட்டது.

"அவங்க பொழச்சாங்க தாயே. அந்தக் கொழந்தையும் பொழச்சுது. அதனாலதான் நாங்கெல்லாம் இங்க நிக்கறோம். எப்படிப் பொழச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. நீ அங்க இருந்திருப்ப, நீ பாத்திருப்ப. எங்க ஊட்டுல ஒருத்தி இப்ப அப்படித்தான் நிக்கறா. அவளாலயும் ஓட முடியல."

ஈர வேட்டியோடு தரையில் விழுந்துவிட்டேன்.



"இது கதையே இல்லியே" என்றார் பெரியப்பா.

"பாதியில நிறுத்திப்போட்டான்" என்றார் சித்தப்பா.

பூசாரி கற்பூரத்தட்டைக் கீழே வைத்தார். "அம்மனுக்குப் போதுமுங்க. உங்களுக்குப் பத்துலீன்னா ரெண்டு பேரும் அந்த வேப்ப மரத்தடியில போயி ஒக்காந்து மிச்சத்தப் பேசிக்கங்க. ஆனா அதுக்கு முன்னால சாவியப் போடுங்க."

சித்தப்பா முதலில் குனிந்தார். அவருடையது சந்தையில் வாங்கிய சாதாரணப் பூட்டு, ஒரு திருகில் திறந்துகொண்டது. பெரியப்பாவின் பூட்டு கனமானது, கோயமுத்தூரில் வாங்கியது. சாவி உள்ளே போனது, சுழலவில்லை. எண்ணெய் விட்டார்கள். விளக்கில் சாவியைக் காய்ச்சிப் போட்டார்கள். பெரியப்பா சட்டை முதுகெல்லாம் வேர்த்து ஒட்டிக்கொண்டது.

"எக்ஸ்போர்ட் குவாலிட்டியாட்ட இருக்குதுங்க" என்றார் சித்தப்பா.

பெரியப்பா சாவியைத் துடைத்தார். மறுபடி திருகினார். வெளியே நிழல் நீண்டுகொண்டே போனது. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "பெரியப்பா, நேரமாகுதுங்க. அவ காத்துட்டு இருக்கறா."

அவர் சாவியை உருவி எடுத்து, சித்தப்பா பக்கம் பார்க்காமலே சொன்னார். "கோயல்ல கடப்பாரை இருக்கோணும். நீங்களே ஒடைங்க."

மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. சிவப்புப் பட்டுத்துணி செல்லரித்துப்போய்க் கையோடு உதிர்ந்தது. வாள் முழுக்கத் துரு. பூசாரி தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது சொம்பில் விழுந்தது செம்மண் நிறத்தில் இருந்தது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். எத்தனை வருஷமாகத் துடைக்காமல் விட்டோம் என்று அவர்களுக்குள் ஓடியிருக்க வேண்டும்.

"கார்ல ஏறு கண்ணு. வண்டியில போனாச் சிந்திரும்" என்றார் பெரியப்பா. சித்தப்பாவும் கேட்காமலே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அவினாசி சாலையைத் தொடும் முன்பே, வெட்டியவன் யார், கொடுத்தவன் யார் என்று ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சு சூடாகச் சூடாகப் பெரியப்பாவின் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. நான் மடியில் சொம்பை அணைத்துக்கொண்டு, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, தண்ணி தளும்புது" என்று சொல்லவேண்டியதாயிற்று.

வீட்டில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண் மங்குகிறது என்றாள். சொம்பை வாங்கி உள்ளே பார்த்தாள். ஒரு சொட்டு உதட்டில் வைத்துக்கொண்டு, மீதியைக் கையில் எடுத்து வயிற்றில் தடவிக்கொண்டாள். "அசையுதா?" என்றேன். "போலாம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் திட்டிய திட்டை நான் முழுக்கக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. பெரியப்பாவும் சித்தப்பாவும் பெஞ்சில் ஒரே பக்கமாக உட்கார்ந்தார்கள். கதையை விட்டுவிட்டார்கள். நான் நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு வாள் நினைவில்லை, தண்ணீர் நினைவில்லை, தாயே தாயே என்பது மட்டும் வாயில் ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்து நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். "அந்த அம்மாவோட ஆளு யாருங்க? ஒரு துணி குடுங்க."

என் உயிர் போய்விட்டது. முதல் இரண்டு முறையும் இப்படித்தான் கதவு திறந்தது. இப்படித்தான் துணி கேட்டார்கள். சுற்றி என் கையில் கொடுப்பதற்கு. அந்த இரண்டுக்குப் பிறகு பயந்துபோய் இந்தத் தடவை நாங்கள் ஒன்றுமே வாங்கி வைக்கவில்லை. நாளெல்லாம் துணி தைக்கிறவன் கையில் ஒரு முழத் துணி இல்லை.

"எதுக்குங்க துணி?" என்றேன். சித்தப்பா எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நர்ஸம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எதுக்குன்னா? பொண்ணு பொறந்திருக்குது, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க, கொழந்த ஏசி குளிர்ல நடுங்குது. வெறும் ஒடம்போடவா வெச்சிருக்கறது?"