சாமைப் பயிரோடு பேசிய கதை

சாமைப் பயிரோடு நான் முதன்முதலாகப் பேசியது என் நாற்பத்தெட்டாவது வயதில். பயிர் பதில் எதுவும் சொல்லவில்லை. பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த என் மச்சான்தான் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"ஏன் மாப்ளே, பயிருக்குள்ள யாரு உக்காந்திருக்கா?"

பயிருக்குள் யாரும் இல்லை. எனக்குப் பின்னால் ஐந்தடி தள்ளி, போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு போலந்துப் பெண் நின்றிருந்தாள். அவளுக்காகத்தான் பேசினேன்.

அவள் மலைமேல் இருக்கும் எங்கள் வாழவந்தி நாட்டுக்குப் படிக்க வந்தவள். நம் பிள்ளைகள் படிக்க வெளிநாடு போகிறார்கள். அவளுக்கு வெளிநாடு நாங்கள்தான். சிறுதானியம் விதைக்கிறவர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்க வேண்டும். தமிழை அவள் ஊரிலேயே இரண்டு வருடம் படித்திருந்தாள். அவள் தங்க ஒரு வீடு வேண்டும் என்று தோட்டக்கலை ஆபீசர் வந்து கேட்டபோது பத்துப் பேர் கூட்டமாக நின்றிருந்தோம். அவர் நேராக என்னிடம் வந்தார். கரூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் எனக்கு இல்லை என்று சொல்ல வராது என்பதைத் தெரிந்துவைத்திருந்தார்.

"உங்க ஊட்டுல ஒரு ரூம் சும்மா கெடக்குதில்லீங்க?"

"ஆமாங்க" என்றேன். அது மிளகு மூட்டை அடுக்கும் அறை.

ஆடி மாதம் வந்தாள். மலைப்பாதையின் வளைவுகளில் வயிற்றில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, வெளுத்த முகத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மூட்டைகளை எடுத்துவிட்டோம், ஆனால் காரம் அறையை விட்டுப் போகவில்லை. மூன்று நாள் விடாமல் தும்மினாள். நான்காம் நாள் இரண்டு கூடைகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் பலகை போட்டு மேசை செய்துகொண்டாள். சுவரில் பஸ் நேரத்தை எழுதி ஒட்டினாள். ஒரு வாரத்தில் எந்தப் பாறைமேல் ஏறினால் போனுக்கு சிக்னல் வரும், எந்த மாடு முட்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. என்னை அண்ணா என்றும் என் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டாள். சாப்பாட்டில் ஒரு குறை சொல்லவில்லை. இன்னொரு உருண்டை களி போடட்டுமா என்று மனைவி கேட்டால் "ஆமாங்க அக்கா" என்பாள். காற்றோட்டமாகச் சாப்பிட வேண்டும் என்று தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போய்விடுவாள்.

சிரமம் எனக்குத்தான். தினமும் காலையில் நோட்டோடு என் எதிரில் வந்து உட்காருவாள். எனக்கு வெளியாட்களிடம் பேசக் கூச்சம். நான் சொல்வதை எழுதிக்கொள்கிற ஆள் என்றால் கேட்கவே வேண்டாம். ஐந்தாவது வரை படித்தவன் நான். அந்த ஐந்து வருடமும் வாத்தியார் எது கேட்டாலும் ஆமாங்க சார் என்று சொல்லியே தப்பித்தேன்.

"விதையை இடது கையால் தூவுவது உண்டா, அண்ணா?"

"ஆமாங்க."

"பயிருடன் பேசுவீர்களா?"

கொஞ்சம் தயங்கினேன். அவள் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்க."

"பெண்கள் களை எடுக்கும்போது பாடுவார்களா?"

சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. "ஆமாங்க" என்றேன்.

சொன்னதோடு முடியும் என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் நேரில் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். அப்படித்தான் அன்று காட்டில் குனிந்து, "சாமி, நல்லாருக்கியா, மழை போதுமா" என்று சாமையிடம் நலம் விசாரித்தேன். மறுநாள் மனைவியின் முறை. களைக்கொத்தைப் பிடித்தபடி என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு யோசிக்காமல் பாடினாள்.

"வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் ஆமாங்க,
களைவெட்டக் கூப்பிட்டா ஆளைக் காணோமுங்க,
ஊட்டுக்காரி ஒண்ணு கேட்டா ஊமைங்க,
ஊர்க்காரன் ஒண்ணு கேட்டா ஆமாங்க."

போலந்துப் பெண் வரி விடாமல் எழுதிக்கொண்டாள்.

ஐப்பசி நெருங்கும்போது ஒருநாள், தன் பேராசிரியர் வரப்போவதாகச் சொன்னாள். நோட்டில் இருப்பது சரிதானா என்று அவர் வீடு வீடாகப் போய்க் கேட்பாராம். அவருக்குத் திருப்தி என்றால் இன்னும் ஆறு மாதம் இங்கே இருந்து படிப்பை முடிக்கலாம். இல்லையென்றால் பாதியிலேயே ஊருக்குப் போக வேண்டியதுதான். "எனக்குப் பயமே இல்லை, அண்ணா. நீங்கள் எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள்" என்றாள்.

பேராசிரியர் மச்சானிடம் வந்து பயிரோடு பேசுவீர்களா என்று கேட்டால் மச்சான் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே சொல்வார் என்றும் தெரியும்.

மறுநாள் காலை உண்மையைச் சொல்லிவிடுவது என்று வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்மேல் அவள் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் எங்கள் நாய். அவள் களியைச் சின்னச் சின்னதாக உருட்டிப் போட, அது பழகிய வாயால் ஒன்றுகூடக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக அந்த நாய் பெருத்துக்கொண்டே வந்தது. சினையாக இருக்குமோ என்று மனைவி கேட்டாள். கடுவன் நாய்க்கு அது எப்படி வரும் என்று நான்தான் சமாதானம் சொல்லியிருந்தேன்.

என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"இது எத்தனை நாளாங்க?"

"முதல் நாளிலிருந்து, அண்ணா. தொண்டையில் நிற்கிறது. வேண்டாம் என்றால் அக்கா வருத்தப்படுவார்கள்."

இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது. "நானும் பயிரோட பேசறதில்லீங்க" என்றேன்.

"எப்போதுமே இல்லையா?"

"நீங்க போன் புடிச்ச அன்னிக்கு மட்டுந்தாங்க."

"இடது கை?"

"இல்லீங்க."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். மிச்சத்தை நாய் முடித்தது. முகம் பஸ்ஸிலிருந்து இறங்கிய நாள் போலவே வெளுத்துவிட்டது. "பேராசிரியர் வருவதற்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது" என்றாள்.

மனைவி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். முதலில் நாயைப் பார்த்தாள். "நான் கிண்டுன களி பூரா இதுக்குள்ளயா போச்சு" என்றாள். பிறகு எங்களைக் கல்லின்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"கண்ணு, இன்னொரு உருண்டை போடட்டுமா?"

"ஆம..."

"கண்ணு."

"வேண்டாங்க அக்கா."

"ஏனுங்க, பயிரோட பேசுவீங்களா?"

"இல்லீங்க."

"சத்தமாச் சொல்லுங்க, ஊர்ல பாதிப் பேருக்குக் கேக்கோணும்."

இப்படி ஒரு பத்து முறை. எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு பயிற்சி நடந்ததில்லை.

அந்தப் பதினோரு நாளும் அவள் எதையும் உட்காரவைத்துக் கேட்கவில்லை. என் பின்னால் காடு காடாக நடந்தாள். நான் செய்வதைப் பார்த்து, ஏன் என்று மட்டும் கேட்டாள். அதற்கு ஆமாங்க என்று பதில் சொல்ல முடியாது. சாமைக்கு நடுவில் அவரை விதை ஏன் போடுகிறேன், விதைப் பானைக்குள் நொச்சி இலை எதற்கு என்றெல்லாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவு எனக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பழைய பக்கங்களைச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தாள். பாட்டு எழுதிய பக்கம் வந்தது. இந்த மலையில் அப்படி ஒரு பாட்டே கிடையாது, அதையும் அடித்துவிடச் சொன்னேன்.

"அதை மட்டும் அடிக்காத கண்ணு" என்றாள் மனைவி. "அதுல ஒரு வார்த்தை பொய்யில்ல."

இந்தப் பாட்டு இந்த வருடம் ஆவணியில் இந்த வீட்டில் உண்டானது என்று அவள் அடியில் குறித்துவைத்தாள்.

பேராசிரியர் வந்தார். நரைத்த மீசைக்காரர். அவரும் வெளுத்துப்போய்த்தான் காரிலிருந்து இறங்கினார். நான்கு வீடு போனார், காட்டைச் சுற்றினார். சிவப்புக் கோடு போட்ட பக்கங்களையும் அவளே அவரிடம் காட்டி, ஏன் அடித்தேன் என்று சொன்னாள். அவர் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு, மச்சானும் ஆபீசரும் வந்திருந்தார்கள். பேராசிரியர் நோட்டைப் புரட்டி, பாட்டு இருந்த பக்கத்தில் நின்றார். அவள் வரிவரியாக அவர்கள் பாஷையில் சொன்னாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டார்.

"பாட்டில் இருப்பது உண்மையா என்று கேட்கிறார், அண்ணா."

மச்சான், ஆபீசர், மனைவி எல்லாரும் என்னையே பார்த்தார்கள். காது சூடானது.

"ஆமாங்க" என்றேன்.

அவள் பேனாவைப் பிடித்தபடி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகுதான் எழுதினாள். பேராசிரியர் பெரிதாகச் சிரித்தார், நோட்டை மூடி அவளிடம் கொடுத்து இரண்டு வார்த்தை சொன்னார்.

"அக்கா, இன்னும் ஆறு மாசம் மிளகு ரூம்லயே இருக்கலாமாங்க?" என்றாள் அவள்.

"இரு கண்ணு" என்ற மனைவி, அந்தச் சந்தோஷத்திலேயே பேராசிரியரின் தட்டருகில் குனிந்து, "இன்னொரு உருண்டை போடட்டுங்களா?" என்றாள்.

அவருக்குத் தமிழ் தெரியாது. சிரித்தபடி தலையை ஆட்டினார். உருண்டை விழுந்தது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளிடம் மெதுவாக ஏதோ சொல்லித் தட்டோடு எழுந்தார்.

"காற்றோட்டமாகச் சாப்பிட வேண்டுமாம்" என்றாள்.

நாயும் எழுந்தது.